செல்ஃப் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை: மாற்றிய எஞ்சினுக்கு அடுத்த செலவு எதில்?

பழைய எஞ்சினை இறக்கி, வேறு வண்டியில் இருந்து வந்த எஞ்சினை ஏற்றி முடித்தாயிற்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் வந்து நிற்கும் வண்டிக்காரருக்கு யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ஏற்றிய மெக்கானிக் "ரெண்டு நாள் விடுங்கண்ணே, பாத்துருவோம்" என்பார். எஞ்சின் கொடுத்தவரைக் கூப்பிட்டால் "ஓட்டிப் பாத்துத்தான் இறக்குனோம், உங்க ஆளு ஃபிட்டிங்லதான் கோளாறு" என்பார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து "ஈசிஎம் போயிருச்சு, வேற போடுங்க" என்று தீர்ப்பே எழுதிவிடுவார் (ஈசிஎம் என்பது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி). மச்சான் கம்பெனி சர்வீசுக்கு இழுத்துக்கொண்டு போகச் சொல்வார். வீட்டிலோ வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்வார்கள்.

இவற்றில் எதுவும் முழுத் தப்பு இல்லை. எதை முன்னால் செய்வது, எதற்கு முன்னால் எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதில்தான் சிக்கல். நான் மதுரையில் வண்டி ஒயரிங் வேலை பார்ப்பவன். அதனால் என் கண்ணுக்கு ஒயர்தான் முதலில் தெரியும். அந்தச் சாய்வைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள். பேச்சு பெரும்பாலும் மாருதி பெட்ரோல் வண்டிகளைப் பற்றியது. நம் பக்கம் எஞ்சின் மாற்றிக்கொண்டு வருவதில் ஆல்ட்டோவும் வேகன்ஆரும் ஸ்விஃப்ட்டும்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. டீசலைப் பிறகு தொட்டுக்கொள்கிறேன்.

கை பட்டது எது?

சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒருநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், ஏதோ ஒரு பொருள் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைப்பது சரி. எஞ்சின் மாற்றிய வண்டியில் அப்படி நினைத்தால் காசு போகும். இங்கே ஒரே நாளில் ஐம்பது இடத்தில் கை பட்டிருக்கிறது. கப்ளர்கள், அதாவது ஒயர்களை இணைக்கும் முனைகள், கழன்று மாட்டப்பட்டிருக்கின்றன. எர்த் ஒயர்கள் அவிழ்ந்து முறுக்கப்பட்டிருக்கின்றன, அல்லது முறுக்காமலே விடப்பட்டிருக்கின்றன. பெட்ரோல் ஹோஸ் பிரிந்து சேர்ந்திருக்கிறது. இந்த ஐம்பதில் ஒன்று தவறியிருக்கும் வாய்ப்பு, நேற்று வரை நன்றாக இருந்த ஒரு பொருள் தானாகச் சாகும் வாய்ப்பைவிடப் பல மடங்கு அதிகம்.

அதனால் முதலில் ஒரு தாளில் மூன்று பத்தி எழுதுங்கள். வண்டியிலேயே இருந்து தொடப்படாதது எது, வண்டியிலேயே இருந்து கழற்றி மாட்டியது எது, வந்த எஞ்சினோடு புதிதாக வந்தது எது. பெட்ரோல் மோட்டார் டேங்குக்குள் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. ஈசிஎம் உங்கள் வண்டியுடையது, கப்ளர் மட்டும் கழன்றது. எஞ்சின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் வந்த எஞ்சினோடு வந்தவையா, உங்கள் பழைய எஞ்சினில் இருந்து எடுத்து மாட்டியவையா? இந்தக் கேள்விக்கு மெக்கானிக் உடனே பதில் சொன்னால் நல்ல மெக்கானிக். "பையன்தான் மாட்டுனான், கேக்கணும்" என்றால் கோளாறு எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு ஒரு துப்பு கிடைத்துவிட்டது.

மூன்றாவது பத்தி ஏன் முக்கியம் என்பதற்கு மாருதியின் கே10பி எஞ்சினையே எடுத்துக்கொள்ளலாம். 998 சிசி, மூன்று சிலிண்டர். இது 2008இல் ஏ-ஸ்டாரில் வந்தது, பிறகு எஸ்டிலோவில், 2010இல் வேகன்ஆரிலும் ஆல்ட்டோ கே10இலும் வந்தது. ஆகவே சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ உள்ள பழைய சாமான் கடையில் "கே10 எஞ்சின் இருக்கு" என்று சொன்னால் அது இவற்றில் எந்த வண்டியில் இருந்தும் வந்திருக்கலாம். இரும்பு, அதாவது வெற்று எஞ்சின், ஒன்றேதான். சுற்றித் தொங்கும் சென்சார், கப்ளர், மேனிஃபோல்டு எல்லாம் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. இன்னொரு விஷயம் பலரும் யோசிக்காதது. 2010 ஏப்ரலில் பிஎஸ்4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி சென்னை உட்பட 13 பெருநகரங்களில்தான் வந்தது. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில்தான். இடைப்பட்ட வருடங்களில் மதுரையில் பதிவான வண்டியும் சென்னையில் பதிவான வண்டியும் பெயரில் ஒன்றாக இருந்தாலும் சென்சார் கணக்கில் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சென்னையில் உடைத்த வண்டியின் எஞ்சின் லாரி பார்சலில் இங்கே வந்து இறங்கும்போது இந்த வித்தியாசமும் சேர்ந்தே இறங்குகிறது.

என்னைக் கேட்டால், இரும்பை மட்டும் வாங்கி, மேலே உள்ள த்ராட்டில் பாடி (காற்றை அளந்து விடுவது), இன்ஜெக்டர், காயில் (பிளக்குக்கு ஸ்பார்க் கொடுப்பது), சென்சார் எல்லாம் உங்கள் பழைய எஞ்சினுடையதையே மாற்றிப் போடுவதுதான் நிம்மதி. லேபர் கூடும். ஆனால் உங்கள் ஈசிஎம் தனக்குத் தெரிந்த ஆட்களோடு மட்டும் பேசும்.

காசு இல்லாமல் பார்க்க வேண்டியவை

யாரிடமும் போகும் முன் வண்டிக்காரரே பார்த்துவிடக்கூடியவை மூன்று உண்டு. இவற்றின் பதில் கையில் இருந்தால்தான் மேலே சொன்ன ஆளுக்கொரு யோசனையில் எது உங்களுக்கு என்று தெரியும்.

சாவியை ஆன் நிலையில் வையுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மீட்டரில் செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஈசிஎம்முக்குக் கரண்ட்டோ எர்த்தோ போகவில்லை. மெயின் ரிலே, ஃபியூஸ், ஈசிஎம் எர்த் ஒயர் என்று தேட வேண்டியதுதான், பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். எஞ்சினில் போல்ட் போட்டு முறுக்கும் மெல்லிய எர்த் ஒயர் ஒன்று பல வண்டிகளில் உண்டு. எஞ்சினை ஏற்றும்போது அது மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) பின்னால் மடங்கித் தொங்கிவிடும். தடித்த எர்த் சரியாக இருப்பதால் செல்ஃப் ஜோராகச் சுற்றும், ஈசிஎம் மட்டும் செத்த மாதிரி கிடக்கும். தடித்த எர்த்தே இல்லாவிட்டால் கதை வேறு: செல்ஃப் மந்தமாகச் சுற்றும், கரண்ட் திரும்பிப் போக வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகப் பாயும், கேபிள் சுடும். கேபிளைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது சத்தம். சாவி ஆன் ஆனதும் பின் சீட்டுக்குக் கீழே இரண்டு மூன்று நொடி 'ஊம்' என்று பெட்ரோல் மோட்டார் ஓடி நிற்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ரிலேயைப் பாருங்கள். வெளியில் போட்ட செக்யூரிட்டி அலாரம் இருந்தால் அதன் கட்-ஆஃப் ரிலேயையும் பாருங்கள். எஞ்சின் வேலையின்போது பேட்டரி கழற்றி மாட்டியதில் அது பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாதாரணம். எல்பிஜி கிட் உள்ள வண்டி என்றால் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவும். சிரிக்காதீர்கள், இதற்கும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது ஆர்பிஎம். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் சற்றாவது அசைய வேண்டும். முள் இல்லாத வண்டியில் ஸ்கேனர் போட்டால் லைவ் டேட்டாவில் (ஈசிஎம் அந்த நொடியில் பார்க்கும் எண்கள்) 200, 250 என்று காட்ட வேண்டும். எஞ்சின் சுற்றுகிறது, எண் மட்டும் சைபரில் நிற்கிறது என்றால், எஞ்சின் சுற்றுவதே ஈசிஎம்முக்குத் தெரியவில்லை. தெரியாத எஞ்சினுக்கு அது பெட்ரோலும் கொடுக்காது, ஸ்பார்க்கும் கொடுக்காது. கிராங்க் சென்சார், அதன் கப்ளர், அல்லது சென்சார் படிக்கும் பல்வட்டம் இவற்றில் ஒன்றுதான். சில எஞ்சின்களில் இந்தப் பல்வட்டம் ஃப்ளைவீலோடு இருக்கும், சிலவற்றில் முன்பக்கப் புல்லியோடு. வந்த எஞ்சினின் ஃப்ளைவீலையே போட்டுவிட்டு, அதன் பல் கணக்கு வேறாக இருந்தால், எந்தச் சென்சாரை மாற்றினாலும் பிடிக்காது.

இவற்றோடு மீட்டரில் சாவி படம் போட்ட விளக்கு மினுக்குகிறதா என்பதையும் பாருங்கள். மினுக்கினால் இம்மொபிலைசர், அதாவது சாவியில் உள்ள சிப்பைச் சரிபார்க்கும் திருட்டுத் தடுப்பு, சாவியை ஏற்கவில்லை. அப்போதும் பல வண்டிகளில் செல்ஃப் சுற்றத்தான் செய்யும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. எஞ்சினை மட்டும் மாற்றி ஈசிஎம்மும் சாவியும் உங்களுடையதே என்றால் இது வரக்கூடாது. வந்தால் சாவித் துளையைச் சுற்றியுள்ள ஆன்டெனா கப்ளரை முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு. செல்ஃபைப் பத்து நொடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள், இடையில் அரை நிமிடமாவது விடுங்கள். விடாமல் அடித்தால் பிளக் பெட்ரோலில் நனைந்து, இருந்த கோளாறோடு இன்னொன்று சேரும். செல்ஃப் நன்றாகச் சுற்றும் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதிலும் அர்த்தம் இல்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதுதான் மிச்சம்.

கேரண்டி நாள் ஓடிக்கொண்டிருக்கிறது

இதுவரை சொன்னதைப் பார்த்தால் அடுத்து எலக்ட்ரீஷியனிடம்தான் போக வேண்டும் என்று தோன்றும். கோளாறு ஒயரிங்கில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அது உண்மை. ஆனாலும் அதற்கு முன்னால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதை, செக் பண்ணிவிடச் சொல்வேன். காரணம் எஞ்சினியரிங் இல்லை, வியாபாரம். பழைய எஞ்சின் விற்பவர் கொடுப்பது பெரும்பாலும் சில நாள் வாய்மொழி கேரண்டி. ஒயரிங் கோளாறை அடுத்த மாதம் கண்டுபிடித்தாலும் ஒயர் அங்கேயேதான் இருக்கும். எஞ்சின் கோளாறை அடுத்த மாதம் கண்டுபிடித்தால் விற்றவர் "இத்தனை நாள் என்ன பண்ணுனீங்க?" என்பார். அவர் கேட்பதும் நியாயம்தான். ஆக, வாய்ப்புக் குறைவான காரணத்தை முதலில் பார்க்க வேண்டிய விசித்திரமான நிலை இது.

செய்முறை எளிது. பெட்ரோல் மோட்டார் ரிலேயைக் கழற்றி, காயில் கப்ளர்களையும் கழற்றிவிட்டு, எல்லா பிளக்கையும் எடுத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துச் சுற்ற வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் 150 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அதைவிட முக்கியம், சிலிண்டர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருப்பது. ஒன்று மட்டும் குறைவு என்றால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு பக்கம். எல்லாமே ஒரேயடியாகக் குறைவு என்றால் டைமிங், அதாவது பிஸ்டனும் வால்வும் ஒத்து நகரும் கணக்கு, தவறியிருக்கலாம். ஆல்ட்டோ 800 சிசி போன்ற எஃப்8டி எஞ்சினில் டைமிங் பெல்ட். கே வரிசை எஞ்சினில் செயின். பெல்ட் எஞ்சின் வாங்கும்போது "எதுக்கும் புது பெல்ட் போட்டுருவோம்" என்று மாற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவது உண்டு. செய்த காரியம் நல்லதுதான், மார்க் பார்த்துச் செய்திருக்க வேண்டும்.

எல்லா சிலிண்டரும் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் அவசரப்பட்டு எஞ்சினைத் திருப்பி அனுப்ப வேண்டாம். மாதக்கணக்கில் கடையில் கிடந்த எஞ்சின் உள்ளே காய்ந்திருக்கும். நீங்கள் செல்ஃப் அடித்து அடித்துப் பெட்ரோலும் சிலிண்டர் சுவரைக் கழுவியிருக்கும். ஆயில் விட்டு ஏறினால் அது ஓடினால் சரியாகிவிடக்கூடியதாகவும் இருக்கலாம்.

இந்த எண்களைக் கேஜோடு சேர்த்து மொபைலில் படம் எடுத்து எஞ்சின் விற்றவருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். நன்றாக இருந்தாலும் அனுப்புங்கள். பேச்சு முடிந்தது என்று இரு பக்கமும் தெரியும்.

மேனிஃபோல்டைக் கழற்ற நேர்ந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். எஞ்சினைப் பார்சல் போடும்போது தூசி போகாமல் இருக்க வேஸ்ட் துணி அடைத்து அனுப்புவார்கள். அதை எடுக்க மறந்து மேனிஃபோல்டை மாட்டிய எஞ்சின் எப்படி மூச்சு விடும்?

மெக்கானிக்கிடமே விடுவதா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதா?

எஞ்சின் சரி என்று தெரிந்துவிட்டது. இப்போது வண்டி ஏற்றிய ஷெட்டிலேயே நிற்கிறது. அங்கேயே விடுவதில் ஒரு லாபம்: பொறுப்பு அவருடையது. "ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தாத்தான் வேலை முடிஞ்ச கணக்கு" என்று முதலிலேயே பேசியிருந்தால் நீங்கள் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. நஷ்டம், நாள். ஷெட்டில் அடுத்த வண்டி வந்துவிட்டால் உங்கள் வண்டி மூலைக்குப் போகும். மூலையில் நிற்கும் வண்டிக்குள் எலி வரும், ஒயரைக் கடிக்கும். மதுரை ஷெட்டுகளில் இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை.

வெளி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் செலவு உங்களுடையது, ஆனால் வேலை வேகமாக நடக்கும். ஒரு நல்ல ஆள் டெஸ்ட் லைட், மல்டிமீட்டர், ஸ்கேனர் மூன்றோடு வந்தால், பெரும்பாலும் அரை நாளுக்குள் கோளாறு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். சரி செய்வது வேறு, சொல்வது வேறு. முதலில் உங்களுக்கு வேண்டியது சொல்வதுதான். வரும் ஆளிடம் போனிலேயே ஒன்று கேளுங்கள்: "செல்ஃப் அடிக்கும்போது லைவ் டேட்டா பாக்குற ஸ்கேனர் இருக்காண்ணே?" எரர் கோட் எண்ணை மட்டும் படிக்கிற ஸ்கேனர் இந்த வேலைக்குப் பாதிதான் உதவும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், ஈசிஎம்மோடு பேசும் ப்ளூடூத் ஓபிடி கருவியை நீங்களே வாங்கலாம் என்பதும் உண்மை. ஆனால் நம் நாட்டில் ஓபிடி2 கட்டாயம் ஆனதே 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்திய மாருதிகளில் அந்தக் கருவி பேசவே பேசாமல் போகலாம்.

ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் தெளிவு. உசிலம்பட்டியில் இருந்து மதுரைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வண்டியை ரெக்கவரி வேனில் ஏற்றி இறக்கும் காசுக்கு எலக்ட்ரீஷியனை பஸ் ஏற்றி, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, கூலியும் கொடுத்து அனுப்பலாம். சித்தப்பா ஒருவர் அங்கே இருக்கிறார். ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, தெரியாமல் ஓட்டி, வேகன்ஆர் எஞ்சின் சூட்டில் இறுகிவிட்டது. வேறு எஞ்சின் ஏற்றியாயிற்று, சுற்றியது, பிடிக்கவில்லை. போனில் கேட்டேன்.

"சித்தப்பா, பழைய எஞ்சின் எங்க இருக்கு?"

"அது அங்கிட்டு மூலைல கெடக்கு. நாளைக்கு எடைக்குப் போடுறேன்னு மெக்கானிக் சொன்னான்."

"போட விடாதீக. நான் வந்தாத்தான் அது வெளிய போகணும்."

போய்ப் பார்த்தால் ஸ்கேனரில் ஆர்பிஎம் சைபர். வந்த எஞ்சினில் இருந்த கிராங்க் சென்சாரைக் கழற்றிவிட்டுப் பழைய எஞ்சினுடையதைப் போட்டதும் இரண்டாவது அடியில் பிடித்தது. பழைய எஞ்சின் எடைக்குப் போயிருந்தால், சென்சார் எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டிருப்போம். 'பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுத்துக்கொள்' என்ற எக்ஸ்சேஞ்ச் பேரத்தில் கொஞ்சம் விலை குறையும் என்றாலும் நான் வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம். குறைந்தது ஆயிரம் கிலோமீட்டராவது ஓடும் வரை பழைய எஞ்சின் உங்கள் வீட்டிலேயே கிடக்கட்டும்.

ஈசிஎம் மாற்றுவது

யோசனைகளிலேயே அதிகம் கேட்கப்படுவதும் அதிகக் காசு விழுங்குவதும் இதுதான். எஞ்சின் இறக்கும் நாள் வரை அந்த ஈசிஎம் வேலை செய்தது. வண்டி நின்றது எஞ்சின் இரும்பு போனதால். நடுவில் ஈசிஎம் சாகக் காரணம் வேண்டும். பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் போட்டார்களா? பேட்டரியை மாற்றி, பிளஸ் மைனஸ் தலைகீழாக மாட்டினார்களா? கப்ளரை அழுத்தும்போது பின் வளைந்ததா? வண்டி நின்ற நாட்களில் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியதா? இதில் எதற்குமே ஆமாம் என்று பதில் இல்லையென்றால் ஈசிஎம் மீது குற்றம் சுமத்துவது, திருட்டுப் போன வீட்டில் காவல் நாயைக் கட்டிப் போட்டு அடிப்பது போலத்தான்.

உண்மையில் மாற்ற வேண்டி வந்தாலும் வழி ஒன்றல்ல. பழைய சாமான் கடையில் இருந்து ஈசிஎம் மட்டும் வாங்கிப் போட்டால், இம்மொபிலைசர் உள்ள வண்டியில் உங்கள் சாவியை அது ஏற்காது. முன்பு ஸ்டார்ட் ஆகாததற்கு ஒரு காரணம் இருந்தது, இப்போது இரண்டு. சுற்றல் சத்தம் மட்டும் அதே மாதிரி இருப்பதால் எது எது என்று பிரிப்பது இன்னும் கடினம். இரண்டாவது வழி, எஞ்சின் வந்த வண்டியின் ஈசிஎம், இம்மொபிலைசர் பெட்டி, சாவி மூன்றையும் செட்டாக வாங்குவது. ஒயரிங் பின் கணக்கு ஒத்துப்போகும் என்றால் இது வேலை செய்யும். எஞ்சின் வாங்கும் அன்றே கேட்டால் மலிவாகத் தருவார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அந்த வண்டியே காணாமல் போயிருக்கும். மூன்றாவது, உங்கள் பழைய ஈசிஎம்மின் டேட்டாவை வேறு ஈசிஎம்முக்கு நகல் எடுத்துப் போடுவது. சாவி உங்களுடையதே, ஒயரிங் உங்களுடையதே. பழைய ஈசிஎம்மில் இருந்து டேட்டா எடுக்க முடிகிற நிலையில் இருந்தால் இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

மூன்றில் எதைச் செய்தாலும் காசு கொடுக்கும் முன் ஒரே ஒரு சோதனை வேண்டும். ஈசிஎம் கப்ளரில் கரண்ட் வருகிறது, எர்த் இருக்கிறது, கிராங்க் சிக்னல் வந்து சேர்கிறது, ஆனாலும் இன்ஜெக்டருக்கும் காயிலுக்கும் வெளியே எதுவும் வரவில்லை. இம்மொபிலைசர் விளக்கும் அமைதியாக இருக்கிறது. இவை எல்லாமே உங்கள் கண்ணெதிரே காட்டப்பட்டால் ஈசிஎம் போனது என்று ஏற்கலாம். "எல்லாம் பாத்தாச்சு, வேற எதுவும் இல்ல, அதனால ஈசிஎம்தான்" என்பது சோதனை இல்லை, களைப்பு.

இதன் தம்பிதான் காயில், பெட்ரோல் மோட்டார், பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. பெட்ரோல் மோட்டார் சரியா என்பதற்கு கேஜ் வைத்தால் ஏறக்குறைய 3 பார் காட்ட வேண்டும். காட்டினால் அதை மாற்றக் காரணமே இல்லை. வண்டி எஞ்சினுக்காகப் பல மாதம் காத்திருந்தது என்றால் மோட்டாரைவிட டேங்கில் உள்ள பெட்ரோலைச் சந்தேகப்படுவது மேல். பழையதை இறக்கிவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள்.

கம்பெனி சர்வீஸ், டீசல்

கம்பெனி சர்வீசில் சரியான ஸ்கேனர் உண்டு, ஒயரிங் படம் உண்டு, சாவி பதியும் வசதி உண்டு. இம்மொபிலைசர்தான் கோளாறு என்று உறுதியாகத் தெரிந்தால் அங்கே போவதே நேர்வழி. மற்றபடி வெளியில் ஏற்றிய, எங்கிருந்தோ வந்த எஞ்சினில் கை வைக்கத் தயங்குவார்கள். தயங்காவிட்டாலும், சேதமில்லாத ஒயரிங்கையும் முழுதாக மாற்ற எஸ்டிமேட் போடுவதற்கு வாய்ப்பு உண்டு. ஆர்சியில் எஞ்சின் எண் வேறாக இருந்தால் முதல் கேள்வியே அதுதான்.

டீசலில் ஆட்டம் வேறு. ஸ்விஃப்ட் டீசலின் 1248 சிசி எஞ்சின் காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் (ரெயில்) உயர் அழுத்தத்தில் டீசல் நிற்கும் வகை. செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் ஏறக்குறைய 200 பார் வரை எட்டாவிட்டால் ஈசிஎம் இன்ஜெக்டரைத் திறக்காது. எஞ்சின் மாற்றியதும் லைனில் ஏர் நிற்பது சகஜம். ஃபில்டர் பக்கம் ஏர் எடுத்துவிட்டு, ஸ்கேனரில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்க்காமல் பம்பை இறக்கச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பழைய ஜீப், மினி லாரி மாதிரி மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிக்கு ஸ்கேனரே வேண்டாம். இன்ஜெக்டர் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு செல்ஃப் அடித்தால் டீசல் துடித்து வர வேண்டும். வராவிட்டால் ஏர் லாக், அல்லது ஸ்டாப் சோலினாய்டு (எஞ்சினை நிறுத்த டீசலை அடைக்கும் மின் வால்வு). இதை மேலூர் பக்கம் வயல் வேலைக்குப் போகும் டிராக்டர் டிரைவரே உங்களுக்குச் சொல்லித் தருவார்.

மறுபடி இறக்குவது

கம்ப்ரஷன் போய்விட்டது, டைமிங் மார்க்கும் சரி என்றால்தான் இறக்கும் பேச்சு. அப்போது இரண்டு வழி: விற்றவரிடம் வேறு எஞ்சின் கேட்பது, அல்லது உங்கள் பழைய எஞ்சினையே சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) திரும்பக் கட்டுவது. இரண்டாவது கணக்கை எஞ்சின் வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். கிராங்க் உடையாமல், பிளாக் வெடிக்காமல் இருந்தால் கட்டிய எஞ்சின் செலவு அதிகம், ஆனால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இல்லை, சென்சார் சண்டை இல்லை, ஆர்சியில் எண் மாறாது. இரண்டாவது முறையும் வெளி எஞ்சின் வாங்குவதற்குப் பதில் நான் இதைத்தான் சொல்வேன். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்து வேறு எஞ்சின் மட்டும் தருவேன் என்றால் வேறு வழி இல்லை. அதை ஏற்றும் முன் கீழே வைத்தே கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள்.

ஆர்சி விஷயத்தை வண்டி ஓடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவதுதான் வழக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 52 அப்படி விடவில்லை. எஞ்சின் மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவிக்க வேண்டும், கடன் வண்டி என்றால் ஃபைனான்ஸ்காரர் சம்மதமும் வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய பில்லும், அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதற்கான காகிதமும் கேட்பார்கள். அந்தக் காகிதம் இல்லாத எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஈசிஎம்முக்கும் ஸ்கேனருக்கும் காசு போடுவதில் பயன் இல்லை. ஆகவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் அதே நாளில் எஞ்சின் விற்றவரிடம் பில்லையும், பழைய வண்டியின் ஆர்சி நகலையும் கேளுங்கள். கொடுத்தால் மேலே சொன்ன வரிசைப்படி போங்கள்: முதலில் விளக்கும் சத்தமும் ஆர்பிஎம்மும், பிறகு கம்ப்ரஷன், பிறகு ஒயரிங், கடைசியில் ஈசிஎம். கொடுக்க மறுத்தால் அந்த எஞ்சினைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.